பேரேட்டுக்கு ஒரு காப்புப் படி



வணிகம் என்றால் சரக்கும் பணமும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை இரண்டையும் தாங்கி நிற்கும் மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அதுதான் கணக்கு. யாரிடம் என்ன வாங்கினோம், யாருக்கு என்ன கொடுத்தோம், நமக்கு வரவேண்டியது எவ்வளவு, நாம் தரவேண்டியது எவ்வளவு என்னும் நினைவே கணக்கு. கடை தீப்பற்றிச் சரக்கு அழிந்தால் காப்பீட்டுப் பணம் கேட்கலாம். கணக்கும் சேர்ந்து அழிந்துவிட்டால், என்ன சரக்கு இருந்தது என்று சொல்லி அந்தப் பணத்தைக் கேட்பதற்குக்கூட வழி இராது. ஆகையால்தான் நம் வணிகர்கள் நாளேட்டையும் பேரேட்டையும் பணப்பெட்டியோடு ஒன்றாக மதித்துப் பூட்டி வைத்தார்கள்.

அந்தப் பேரேடு இன்று எங்கே இருக்கிறது? பெரும்பாலான அலுவலகங்களில் அது கணினிக்குள் புகுந்துவிட்டது. அந்தக் கணினியும் அலுவலகத்தில் இல்லை. வேறோர் ஊரில், சில வேளை வேறு நாட்டில், வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் உள்ளவர்கள் கடவுச்சொல்லைத் தட்டி, இணையத்தின் வழியே அதைத் திறந்து பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், மூடிவிடுகிறார்கள். இதைத்தான் மேகக் கணிமை என்றும், பேச்சு வழக்கில் கிளவுட் என்றும் சொல்லுகிறோம். இவ்வாறு பிறர் வீட்டில் வாழும் நம் கணக்குக்கு நமக்கென்று ஒரு தனிப் படி வேண்டுமா, வேண்டுமென்றால் ஏன் வேண்டும் என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

மேகம் என்ற பெயர் சற்று மயக்கம் தருவது. வானத்தில் எதுவும் மிதக்கவில்லை. ஓர் ஊரின் எல்லையில், மின்சாரமும் குளிர்காற்றும் இடைவிடாமல் ஊட்டப்படும் பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் வரிசை வரிசையாக இரும்புச் சட்டங்கள். சட்டங்களில் ஆயிரக்கணக்கான சர்வர்கள். அஞ்சல், கோப்புகள், வாடிக்கையாளர் பட்டியல், சம்பளப் பட்டியல், விற்பனைக் கணக்கு முதலிய எல்லாம் அங்கேதான் எழுதப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவை இவ்வகைச் சேவைகள். மென்பொருளை விலைக்கு வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, மாதம் இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பயன்படுத்துகிறோம்.

இதனால் உண்டான நன்மை சிறிதன்று. பத்துப் பேர் பணிபுரியும் ஒரு சிறு நிறுவனம், முன்னே பெரிய வங்கிகளுக்கு மட்டுமே கிட்டிய பாதுகாப்பையும் வேகத்தையும் இன்று வாடகைக்குப் பெறுகிறது. ஒரு வட்டு பழுதானால் அடுத்த வட்டு உடனே வேலையை ஏற்றுக்கொள்கிறது. நம் அலுவலக மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியைவிட அந்தக் கட்டடம் பல மடங்கு பத்திரமானது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசவேண்டும். கிளவுட் வேண்டாம் என்பது என் கட்சி அன்று. பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையே நம்மைக் கைவிட்டுவிடும் சில வேளைகள் உண்டு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி வேறு, நிழற்படம் வேறு. கண்ணாடியில் உங்கள் முகம் இந்தக் கணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே தெரியும். முகத்தில் கரி படிந்தால் கண்ணாடியிலும் கரி படியும். சென்ற ஆண்டு எடுத்த நிழற்படத்தில் அந்தக் கரி இராது. சேவை நிறுவனங்கள் உங்கள் தரவை இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் எழுதிவைப்பது உண்மைதான். ஆனால் அது கண்ணாடியைப் போன்றது. ஓர் இடத்தில் ஒரு கோப்பை அழித்தால், மற்ற இடங்களிலும் அது நொடிப் பொழுதில் அழிந்துவிடும். அப்படி அழிவதுதான் அந்த ஏற்பாட்டின் ஒழுங்கான வேலை. ஒரு வட்டு கெட்டுப்போனால் அது காப்பாற்றும். ஒரு மனிதன் தவறாக அழித்தால் காப்பாற்றாது. அதற்கு வேண்டியது நேற்றைய நிலையைக் காட்டும் நிழற்படம். அலுவலகங்களில் பேக்கப் என்று வழங்குவதும், நான் காப்புப் படி என்று சொல்லுவதும் அதுதான்.

அழித்த கோப்பைத் திரும்பப் பெறக் குப்பைத்தொட்டி ஒன்று வைத்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் இட்ட கோப்பு 30 நாள் இருக்கும். அதன்பின் நிறுவனத்தின் நிர்வாகி விரும்பினால் மேலும் 25 நாளுக்குள் மீட்கலாம். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்டில் 93 நாள். ஊழியர் ஒருவரின் கணக்கை நீக்கினால், அவருடைய அஞ்சற்பெட்டி பொதுவாக 30 நாளில் மறைந்துபோகும். தவறு நேர்ந்த அன்றே தெரிந்தால் இந்தக் கெடு தாராளமானது. தவறுகள் நேர்ந்த அன்றே தெரிவதில்லை என்பதுதான் வாழ்க்கை அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அருகிலிருந்து பார்த்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன். நூல் வாங்கி விற்கும் சிறு நிறுவனம் அது. விற்பனையைக் கவனித்து வந்த ஊழியர் ஒருவர் வேலையை விட்டு விலகினார். வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று அவருடைய கணக்கை நீக்கிவிட்டார்கள். அவர்மேல் யாருக்கும் குறை இல்லை. நல்லபடியாகவே விடைபெற்றுச் சென்றார். ஐந்து மாதம் கழிந்தது. வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், தாம் ஒப்புக்கொண்ட விலை இது அன்று என்று சொல்லி, பெருந்தொகை ஒன்றைத் தர மறுத்தார். ஒப்புக்கொண்ட கடிதங்கள் எல்லாம் விலகிய ஊழியரின் அஞ்சற்பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டியே இப்போது இல்லை. சேவை நிறுவனத்துக்கு எழுதினார்கள். கெடு கடந்துவிட்டது, எங்களால் இயலாது என்று பணிவான மறுமொழி வந்தது. நிறுவனத்தின் முதலாளி, கேட்ட தொகையில் ஏறக்குறையப் பாதிக்கு உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டார். அவருடைய தரப்பில் நியாயம் இருந்தது; நியாயத்தைக் காட்டும் ஏடு இல்லை. அந்த ஆண்டு அங்கே வேலை பார்த்த பெண்களுக்குத் தீபாவளி முன்பணம் கிடைக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். கணினித் தரவு என்று வறட்டுச் சொல்லால் குறிக்கிறோமே, அதன் முடிவில் இப்படி ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை இருக்கிறது.

சேவை நிறுவனத்தின்மேல் இதில் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை நினைத்துப் பாருங்கள். அறையையும் கதவையும் காவலையும் வங்கி பார்த்துக்கொள்கிறது. பெட்டகத்துக்குள் நீங்கள் என்ன வைத்தீர்கள், என்ன எடுத்தீர்கள் என்பது வங்கியின் பொறுப்பில் இல்லை. கிளவுட் சேவைகளிலும் பொறுப்பு இவ்வாறே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்டடமும் இயந்திரமும் சேவை இடைவிடாமல் நடப்பதும் அவர்கள் பொறுப்பு. உள்ளே இருக்கும் தரவும், யார் அதைத் தொடலாம் என்னும் அனுமதியும் நம் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே, பயனாளிகள் தங்கள் தரவுக்குத் தவறாமல் வேறு இடத்தில் படி எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஒப்பந்தத்தின் இறுதியில் 'ஏற்கிறேன்' என்று ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். அந்த வரியைப் படிப்பதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம், இழந்த தரவை மீட்டுத் தரும் சேவை ஒன்றை 10,000 டாலர் கட்டணத்தில் நடத்திவந்தது. மீட்டுத் தர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். 2020ஆம் ஆண்டு ஜூலையில் அதை நிறுத்தியது. வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொள்ளவே 2021ஆம் ஆண்டில் மறுபடியும் தொடங்கியது. காப்புப் படி இல்லாதவன் பிறருடைய தயவை எதிர்நோக்கி நிற்கவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, தரவு எவ்வெவ்வாறு அழிகிறது என்று பார்ப்போம். பொதுவாக நான்கு வாயில்களின் வழியே அழிவு வருகிறது.

முதல் வாயில், நம் வீட்டாரின் கைத்தவறு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில், கே.பி.எம்.ஜி. என்னும் உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனத்தில் இது நடந்தது. ஒரே ஒருவருடைய பழைய உரையாடல்களை நீக்குவதற்காக ஒரு விதியை மாற்றப் போனார்கள். அது தவறுதலாக நிறுவனம் முழுவதற்கும் பொருந்திவிட்டது. ஏறத்தாழ 1,45,000 ஊழியர்களின் டீம்ஸ் உரையாடல்கள் மறைந்தன. பிறருடைய ஏடுகளைத் தணிக்கை செய்து பிழைகளைச் சுட்டிக்காட்டும் நிறுவனத்துக்கே இது நேர்ந்தது என்றால், ஏனையோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் அல்லவா?

இரண்டாம் வாயில், சேவை நிறுவனத்தின் கைத்தவறு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் தோன்றிய அட்லாசியன் என்னும் மென்பொருள் நிறுவனம், பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளரின் தளங்களிலிருந்து நீக்க முயன்றது. அதற்காக எழுதிய நிரலுக்குச் செயலியின் அடையாள எண்களைக் கொடுப்பதற்குப் பதிலாகத் தளங்களின் அடையாள எண்களே போய்ச் சேர்ந்தன. நிரல் கேள்வி கேட்கவில்லை. தளங்களையே அழித்தது. 775 வாடிக்கையாளர் நிறுவனங்கள் தங்கள் வேலைக் குறிப்புகளை இழந்து நின்றன. அட்லாசியனிடம் காப்புப் படிகள் இருந்தன; இருந்தும் சிலருக்குத் தரவு திரும்பிவர 14 நாள் ஆயிற்று. காரணம் கவனிக்கத்தக்கது. மாளிகை முழுவதும் இடிந்தால் முழுவதையும் எழுப்பும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. மாளிகையில் நூற்றுக்கணக்கான அறைகள் மட்டும் காணாமற்போனால், மற்றவர்களுக்கு இடையூறு இல்லாமல் அவற்றை விரைவாகக் கட்டித் தரும் ஏற்பாடு இல்லை. சேவை நிறுவனம் எடுக்கும் படி அதன் மாளிகைக்காக எடுப்பது. நம் அறைக்கான படியை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே வகையில் இன்னொரு நிகழ்ச்சி 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்தது. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வூதிய நிதி நிறுவனம் இருக்கிறது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுமைக்காலச் சேமிப்பு அதன் கையில் உள்ளது. அது தன் கணினிப் பணிகளைக் கூகுளின் கிளவுடில் வைத்திருந்தது. முன்யோசனையோடு, வெவ்வேறு இரண்டு இடங்களில் இரட்டையாக வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டை முதலில் அமைத்தபோது, கூகுளின் பணியாளர் ஓரிடத்தை நிரப்பாமல் வெறுமையாக விட்டிருந்தார். வெறுமையாக விட்டால் ஓராண்டுக்குப் பிறகு தானாக நீங்கிவிடும் என்பது கருவியின் விதி. ஓராண்டு முடிந்தது, இரண்டு இடங்களிலும் இருந்த அமைப்பு ஒருசேர மறைந்தது. ஒரு வாரத்துக்கு உறுப்பினர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்க்க இயலவில்லை. நல்ல வேளையாக, யூனிசூப்பர் மற்றொரு நிறுவனத்திடமும் காப்புப் படி வைத்திருந்தது. கூகுளிலேயே வேறு வகைச் சேமிப்பில் தனியாக வைத்த படிகளும் தப்பியிருந்தன. அவற்றைக் கொண்டு எல்லாவற்றையும் மீட்டெடுத்தார்கள். கண்ணாடி இரண்டும் ஒரே சமயத்தில் உடைந்தன, நிழற்படம் காப்பாற்றியது.

மூன்றாம் வாயில், பகைவனின் கை. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்துக்கு நேர்ந்ததை, வணிகவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருப்பது நல்லது. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் இடம் அது. அமேசானின் கிளவுடை வாடகைக்கு எடுத்து அது நடந்துவந்தது. எவனோ ஒருவன் அதன் கட்டுப்பாட்டு அறையின் கடவுச்சொல்லைக் கைப்பற்றிக்கொண்டு பணம் கேட்டான். நிறுவனத்தார் கடவுச்சொல்லை மாற்றிக் கதவைச் சாத்த முயன்றார்கள். அவனோ முன்பே மாற்றுச் சாவிகள் செய்து வைத்திருந்தான். முயற்சியைக் கண்டதும் கைக்கெட்டியதையெல்லாம் அழிக்கத் தொடங்கினான். தரவும் போயிற்று, காப்புப் படிகளும் பெரும்பாலும் போயின, ஏனென்றால் இரண்டும் ஒரே சாவியால் திறக்கும் ஒரே அறையில் இருந்தன. எல்லாம் 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த நிறுவனம் தொழிலை மூடிவிட்டதாக அறிவித்தது. அமேசானின் சர்வர்களில் எந்தப் பழுதும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மேகம் நன்றாகத்தான் இருந்தது, வணிகம்தான் இல்லாமற்போயிற்று.

நான்காம் வாயில் நெருப்பு. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. வேறு ஊரில் படி வைத்திருந்தவர்கள் மறுநாளே எழுந்து நின்றார்கள். காப்புப் படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் மீளவில்லை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசு அலுவலர்கள் தங்கள் பணிக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பு அதில் அழிந்தது. அளவு 858 டெராபைட். மிகப் பெரிதாக இருந்ததால் அதற்கு வெளியே படி எடுக்கும் ஏற்பாடு செய்யப்படவில்லை. அலுவலகக் கணினிகளில் வைக்காமல் அங்கேயே வையுங்கள் என்று அலுவலர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னபடி முழுமையாக நடந்துகொண்ட துறையே மிகுதியாக இழந்தது என்பதுதான் இதில் வருத்தமான செய்தி.

இந்த நான்கு வாயில்களையும் பார்த்த பிறகு, தனிப் படி என்பதில் 'தனி' என்னும் சொல்லுக்கு என்ன பொருள் என்பது விளங்கும். வேறோர் இடம், வேறொரு சாவி, வேறொரு பொறுப்பாளர் என்னும் மூன்றும் சேர்ந்ததே தனி. ஒரே அறையில் இரண்டு படி வைத்தால் நெருப்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே சாவியில் இரண்டு பெட்டி வைத்தால் திருடனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே நிறுவனத்திடம் இரண்டும் இருந்தால், அதன் கைத்தவறுக்கும், அதனோடு நமக்கு ஏற்படும் வாடகைத் தகராறுக்கும் இரண்டும் ஒன்றுதான். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். படியை அந்த மென்பொருள் இல்லாமலே படிக்க முடியவேண்டும். சேவையை விட்டு விலகியபின் திறக்க முடியாத படி, பூட்டிச் சாவியைத் தொலைத்த பெட்டிக்குச் சமம்.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளில் நூல்களைக் காத்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். செல்லும் நீரும் நெருப்பும் ஓலைக்குப் பகை. எனினும் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. எப்படிக் கிடைத்தன? ஒரு மடத்தில் ஒரு படி, ஒரு புலவர் வீட்டில் ஒரு படி, தொலைவில் மற்றோர் ஊரில் ஒரு படி என்று ஒன்றையொன்று அறியாமல் அவை சிதறிக் கிடந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று அவற்றைத் தேடி ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சிட்டார். ஒரு படியில் ஏடு முறிந்த இடத்தை மற்றொரு படி நிரப்பியது. ஒரே இடத்தில் எல்லாம் இருந்திருந்தால், ஒரே நெருப்பில் எல்லாம் போயிருக்கும். தனிப் படி என்பது இந்தச் சிதறலைத் திட்டமிட்டுச் செய்வதுதான்.

இக்காலத்தார் இதை எளிய எண்களில் அடக்கிச் சொல்லுகிறார்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்பது அந்த வாய்பாடு. பீட்டர் குரோ என்னும் நிழற்படக் கலைஞர் தம் படங்களைப் பாதுகாக்கும் வழிகளை எழுதப்புகுந்து, இதைப் பரவலாக்கினார். தரவுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருக்கட்டும் என்பது அதன் பொருள். பகைவர் பெருகிவிட்ட இந்நாளில், ஒரு படியாவது எழுதியபின் யாராலும் மாற்றவோ அழிக்கவோ இயலாத வகையில், அல்லது இணையத்தின் தொடர்பே இல்லாத வகையில் இருக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டும் தீநிரல்கள் முதலில் தேடுவது காப்புப் படியைத்தான்.

தொடர்பில்லாத படியின் சிறப்புக்குக் கூகுளே சான்று தந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், மென்பொருள் பிழை ஒன்றினால் ஜிமெயில் பயனாளிகளில் சிறு பகுதியினர், அதாவது ஏறத்தாழ 10,000 பேரில் இருவர், தம் அஞ்சற்பெட்டி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார்கள். பல மையங்களில் இருந்த படிகளையும் பிழை தொட்டுவிட்டது. இணையத்தில் இணையாத காந்த நாடாக்களில் கூகுள் படி வைத்திருந்தது. அந்த நாடாக்களிலிருந்து அஞ்சல்கள் திரும்பி வந்தன. பழங்காலச் சாதனம் என்று நாம் நினைக்கும் நாடா, புதுக்காலச் சேவையைக் காப்பாற்றியது.

படி எடுத்துவிட்டால் போதுமா? போதாது. எடுத்த படி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், கிட்லேப் என்னும் நிறுவனத்தில் இரவு நேரத்தில் களைத்துப்போயிருந்த பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வரில் செய்வதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் எஞ்சியிருந்தது. பதறவேண்டாம், படிகள் இருக்கின்றன என்று தேடினார்கள். நாள்தோறும் எடுக்கப்படும் படி, மென்பொருளின் பதிப்புப் பொருந்தாமையால் நெடுநாளாக எடுக்கப்படவே இல்லை. எடுக்கவில்லை என்று எச்சரிக்கும் அஞ்சல்கள் வந்துசேராமல் தடுக்கப்பட்டிருந்தன. ஐந்து வகை ஏற்பாடுகளில் ஒன்றும் அவ்வேளையில் நம்பத்தக்கதாக இல்லை. தற்செயலாக, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்த படி ஒன்று கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்து வேலை மட்டும் போயிற்று. கிட்லேப் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை உலகம் காண ஒளிபரப்பியது. பின்னர் நடந்ததை விரிவாக எழுதியும் வெளியிட்டது. அந்த நேர்மையினால்தான் நாம் இந்தப் பாடத்தைக் கற்க முடிகிறது. திறந்து பார்க்காத காப்புப் படி வெறும் நம்பிக்கையே. ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகுதான் அது காப்பு ஆகிறது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை படி எடுப்பது என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை கணினியில் இல்லை, தொழிலில் இருக்கிறது. வணிகர் தம்மைத் தாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை மணி நேரத்து வேலையை இழந்தால் என்னால் தாங்கமுடியும்? எத்தனை நாள் கணக்கில்லாமல் கடையைத் திறந்து வைக்கமுடியும்? மருத்துவமனைக்கு ஒரு மணி நேர இழப்பும் பெரிது. வாரம் பத்து விற்பனைச் சீட்டு எழுதும் கடைக்கு ஒரு நாள் படி போதும். நம் நாட்டுச் சட்டமும் இதில் ஒரு வரையறை செய்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு கம்பெனி தன் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். மின்னணு முறையில் வைத்த கணக்கேடுகளுக்கு, இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் காப்புப் படி வைக்கவேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. முன்பு குறித்த காலத்துக்கு ஒருமுறை என்று இருந்தது, நாள்தோறும் என்று ஆயிற்று. எட்டு ஆண்டு எங்கே, குப்பைத்தொட்டியின் முப்பது நாள் எங்கே என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியவற்றையும் நான் மறைக்கப்போவதில்லை. செலவு ஆகும் என்பார்கள்; ஆகும்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதமான படி வேண்டுவதில்லை. கணக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர் பட்டியல், சம்பளம் ஆகிய நான்கும் முதலில், மற்றவை பிறகு. படிகள் பெருகினால் இரகசியம் கசியும் வழிகளும் பெருகும் என்பார்கள். இது நியாயமான அச்சம். ஒவ்வொரு படியும் காவல் வேண்டுகிற பொருள்தான். ஆகையால் படியைக் குறியீட்டு மொழியில் மறைத்து எழுதி, அதன் திறவுகோலை வேறாக வைக்கவேண்டும். ஒருவரிடம் மட்டும் கொடுத்து வைக்கவும் கூடாது. அந்த ஒருவர் நோய்வாய்ப்பட்டால் திறவுகோலும் படுத்துக்கொள்ளும். வைத்திருக்கும் காலம் முடிந்ததும் படியை ஒழுங்காக அழித்துவிடுவதும் காவலில் ஒரு பகுதியே.

நாங்கள் மாணவர்கள், எங்களுக்கு என்ன வணிகம் என்று நீங்கள் எண்ணலாம். ஆய்வேடு எழுதுகிற மாணவர் மூன்றாண்டு உழைப்பை ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கல்லூரி கொடுத்த அஞ்சற்கணக்கு படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். அதனோடு இணைந்த கோப்புகளும் மூடப்படும். ஒரு சிறிய ஹார்டு டிஸ்க்கில் வாரம் ஒருமுறை படி எடுத்து, வீட்டில் வேறிடத்தில் வைப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இந்தப் பழக்கம் இப்போது வந்தால், நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் சேரும்போதும் உடன் வரும்.

அப்படிச் சேரும் நாளில், உங்கள் மேலாளரிடம் பணிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் தரவின் தனிப் படி எங்கே இருக்கிறது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து மீட்டுப் பார்த்தது எந்த நாள்? மூன்றுக்கும் உடனே விடை வந்தால் அந்த அலுவலகத்தில் நிம்மதியாக வேலை செய்யலாம். மூன்றாவது கேள்விக்கு மௌனமே விடையானால், அன்று மாலைக்குள் உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.